நாலாவது எலுமிச்சம்பழம்

மஸ்கட்டில் பதினேழு வருடம் நான் ஓட்டாத வண்டி இல்லை. மலைக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, முதலாளியின் சம்சாரம் துணிக்கடைக்குப் போக ஒன்று. எல்லாச் சாவிகளும் என் சட்டைப் பையில்தான் இருந்தன. ஆனால் ஒரு வண்டியும் என் பெயரில் இல்லை. கச்சிராயபாளையத்துக்குத் திரும்பி ஏழு மாதமாகியும் நான் பேருந்தில்தான் போய்வந்து கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவனுக்குச் சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, அதை மலையேற்றிக் காட்ட நாலே நாள் கெடு வைத்தவள் என் மனைவி.

வளர்மதி கல்வராயன் மலையில் தலைமையாசிரியை. வெள்ளிமலையைத் தாண்டி தார்ரோடு முடிகிறது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் மண்பாதையில் போனால் மேல்வெண்டிக்காடு. இரண்டே ஆசிரியைகள் உள்ள பள்ளி. வெயில் காலத்தில் ஜீப் போகும், மழை பிடித்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். அதனால் எட்டு வருடமாக வாரத்தில் ஐந்து நாளும் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் தங்குகிறாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பள்ளிக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். நான் மஸ்கட்டில் இருந்தபோதும் அந்தப் பாறையிலிருந்துதான் பேசினாள். நான் வீட்டுக்கே வந்துவிட்ட பிறகும் அதே பாறை, அதே ஆறு மணி. கடல் தாண்டி வந்து எனக்கு மிச்சமானது சனி, ஞாயிறு மட்டும்தான்.

ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பேச்சு முற்றியது.

"டிரான்ஸ்ஃபர் ஃபாரம் வந்திருக்குதுல்ல? எழுதிக் குடுத்துட்டு கீழ வந்துடு வளரு," என்றேன்.

"நான் வந்துட்டா அந்த எடத்துக்கு யாரு வருவா? ரோஸி ஒருத்தியா அஞ்சு கிளாசயும் பாத்துக்குவா?"

"அப்போ நான் இன்னாத்துக்கு ஊருக்கு வந்தேன்?"

கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். அவள் மறுநாள் கொண்டுபோகும் புடவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள ஃபாரம் குடுக்கணும். வியாழக்கெழம ஸ்கூல் வுடற நேரத்துக்கு நீங்க ஒரு வண்டியோட மேல வந்து நில்லுங்க. வந்துட்டீங்கன்னா ஃபாரம் கெடையாது. தெனம் வூட்டுக்கு வந்துடறேன். வர முடியலன்னா கையெழுத்துப் போட்டுட்டு ஒரேயடியா கீழ வந்துடறேன். ஆனா மழையில வரணும். வெயில்ல எவன் வேணாலும் வருவான்."

"இன்னா வெளையாடறியா?"

"மலையும் மணலும் ஓட்டினேன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரியறீங்க இல்ல? எனக்கும் காட்டுங்க."

மறுநாள் விடிகாலையில் மலைப் பேருந்தில் ஏறும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "டிரைவர் சீட்ட மேல தூக்கற மாதிரி வண்டியா பாருங்க." எனக்கெதற்கு அது, நான் ஆறடி ஆள். ஏதோ விளம்பரத்தில் பார்த்திருப்பாள் என்று தலையாட்டி வைத்தேன்.

திங்கள்கிழமை கள்ளக்குறிச்சியில் என் மச்சான் சக்திவேலின் டயர் கடைக்குப் போனேன். வளர்மதியின் தம்பி. நாக்கில் சனி, கையில் தொழில் சுத்தம். என்ன மாதிரி வண்டி என்பதை வழியெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தேன். மலைப்பாதை ஒரு மாட்டுவண்டி அகலம்தான், ஒரு பக்கம் பள்ளம். பெரிய ஜீப் அங்கே எதிரில் ஆடு வந்தால்கூட ஒதுங்க இடமில்லாமல் நிற்கும், கனத்தில் சேற்றில் புதையும். எனக்கு வேண்டியது குட்டையான, உயரமாய் நிற்கிற, எடை குறைந்த சின்ன எஸ்.யூ.வி. ஆனால் நாலு சக்கரமும் இழுக்க வேண்டும்.

"ஃபோர் வீலர் தான மாமா? நாலு எடத்துல சொல்லி வெச்சிட்டேன்," என்றான் சக்திவேல்.

"ஃபோர் வீலர் இல்ல மச்சான். ஃபோர் வீலு."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"நாலு சக்கரமும் இழுக்கணும்டா."

"நாலு சக்கரமும் இல்லாம எந்தக் காரு மாமா ஓடுது?"

நம் பக்கத்தில் காருக்குப் பெயரே ஃபோர் வீலர். இரண்டு சக்கரம் இருந்தால் டூ வீலர், நாலு இருந்தால் ஃபோர் வீலர், அத்தோடு விஷயம் முடிந்தது. பெரும்பாலான கார்களில் முன்சக்கரம் இரண்டுதான் இழுக்கிறது, பின்சக்கரங்கள் சும்மா கூடவே உருண்டு வருகின்றன என்று ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் விளக்கினேன். மலைச்சேற்றில் முன்சக்கரம் வழுக்கினால் பின்னாலிருந்து தள்ள ஆள் வேண்டும், அந்த ஆள் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றேன். சக்திவேல் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு போனை எடுத்து, "அண்ணே, நல்ல ஃபோர் வீலரா ஒண்ணு வேணும்ணே," என்றான்.

அந்த அண்ணனின் கடை உளுந்தூர்பேட்டையில், நெடுஞ்சாலை ஓரம். முதலில் ஒரு மெஸ்ஸில் பரோட்டா சாப்பிட்டோம். மஸ்கட்டில் கேரளத்துக்காரர்கள் போடுகிற பரோட்டா பஞ்சு மாதிரி இருக்கும். பதினேழு வருடம் அதைத் தின்று நம்மூர் பரோட்டாவை நினைத்து ஏங்கினேன். இங்கே வந்து மெல்லும்போது தாடை வலித்தது, அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சால்னாவை மட்டும் எந்த நாட்டிலும் இப்படிச் செய்ய முடியாது.

வெள்ளை நிற வண்டி தயாராகக் கழுவி நின்றது. பின்கதவில் 'ஆல் வீல் டிரைவ்' என்று வெள்ளி எழுத்து பளபளத்தது. கடைக்காரர் கதவைத் திறந்து, பாட்டுப் போட்டு, ஏசியைக் காட்டி, மேல்கூரை ஜன்னலையும் திறந்து மூடினார். நான் ஒரு கோணி கேட்டேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். தரையில் விரித்து மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனேன். நாலும் இழுக்கிற வண்டியில் முன்னாலிருந்து பின்னச்சு வரைக்கும் நீளமாய் ஓர் இரும்புத் தண்டு போகும். என் கண்ணுக்கு சைலன்சர் குழாய் தவிர ஒன்றும் தென்படவில்லை.

பக்கத்தில் லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த வடக்கத்தி டிரைவர் ஒருவர், டம்ளரோடு குனிந்து எட்டிப் பார்த்தார். இந்தியில் கேட்டார்: "என்ன அண்ணே, ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

மஸ்கட் இந்தியில் சொன்னேன்: "பின்சக்கரத்துக்குப் போற தண்டைக் காணோம்."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து ஒரு வாய் டீ குடித்தார். "இருந்தால்தானே தொலையும்," என்றார்.

எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "ஆல் வீலுன்னு எழுதியிருக்குது, ஆல் வீலும் இருக்குதுங்களே. ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு வீலு. இதுக்கு மேல ஜாஸ்தி எந்த வண்டிலயும் கெடையாதுங்க." அவர் ஏமாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. முன்பு வைத்திருந்தவர் ஸ்டிக்கர் கடையில் அந்த எழுத்தை அழகுக்கு வாங்கி ஒட்டியிருக்கிறார். இவர் அதைப் படித்து உண்மையாகவே நம்பிவிட்டார். கெடுவில் ஒரு நாள் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை சின்னசேலம். ரயில்வே கேட் மூடியிருந்ததால் இருபது நிமிடம் நின்றோம். கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் சூடான போண்டா. ரயில் போய் முடிந்தபோது ஆளுக்கு நாலு உள்ளே போயிருந்தது.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற சர்வேயர். காய்ந்த செங்கல் நிறத்தில் சின்ன எஸ்.யூ.வி. ஒன்று வேப்பமரத்தடியில் நின்றது. வலது கதவில் முள் கீறிய கோடுகள். துடைக்கக்கூட இல்லை. "போன மாசத்துல இருந்து ஆறு பேரு வந்து கேட்டாங்க. குடுக்கல," என்று சொல்லிக்கொண்டே நாற்காலி போட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை உட்கார்வது மாதிரி உட்கார்ந்தேன்.

"எங்க ஓட்டப் போறீங்க?"

"கல்வராயன் மலைங்க. தாரு முடிஞ்ச பெறகு ஆறு கிலோமீட்டர்."

"எத்தன நாளு?"

"தெனம்."

அவர் முகத்தில் ஏதோ இளகியது. அதற்குள் நான் கோணியைக் கேட்டு வாங்கி வண்டிக்கு அடியில் போயிருந்தேன். இருந்தது. முன்னாலிருந்து பின்னால் வரை, காய்ந்த சேறு பூசிக்கொண்டு, அந்தத் தண்டு நேராய்ப் போய்ப் பின்னச்சுக்கு நடுவிலிருந்த இரும்பு உருண்டையில் நுழைந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைக் கையால் ஒரு தடவை தடவிக் கொடுத்தேன்.

"வந்த ஆறு பேருல ஒருத்தரும் கீழ குனியல. பாட்டு கேட்டாங்க, ஏசி கேட்டாங்க. மைலேஜ் கம்மியாமேன்னு கேட்டாங்க," என்றார் சர்வேயர் மேலிருந்து. "கம்மிதான். நாலு சக்கரத்துக்கும் சோறு போடணும் இல்ல."

கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் முன்சக்கரம் மட்டும், நடுவில் வைத்தால் தேவைப்படும்போது பின்சக்கரமும் சேரும், கடைசிக்குத் திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றாய்ப் பூட்டிக்கொண்டு இழுக்கும். டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒரு பிடி. இழுத்தால் சீட்டு மேலே வந்தது. விலை, பத்திரம், பெயர் மாற்றம் இதெல்லாம் சொல்லி உங்களைச் சலிப்பாக்க மாட்டேன். சாயங்காலம் என் பெயருக்கு எழுதின வண்டியை, என் கையால், என் ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். பைக்கில் வந்த ஒருவர் போகிற போக்கில் தியாகதுருகத்துக்கு வழி கேட்டார். வழியைச் சொல்லிவிட்டு, "வண்டி நம்முளுதுதாங்க," என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

புதன்கிழமை சக்திவேல் நாலு டயரையும் கழற்றி, மண்ணைக் கடிக்கிற மாதிரி பல் ஆழமான டயர்களைப் போட்டான். அதோடு விடவில்லை. பூஜை போடாமல் மலையேறினால் அக்காவுக்கு அவன் பதில் சொல்ல வேண்டுமாம். எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினோம். பூசாரி மாலை போட்டு, சந்தனம் வைத்து, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். நான் ஏறி மெல்ல வண்டியை முன்னால் எடுத்தேன்.

சளக், சளக், சளக். அவ்வளவுதான் கேட்டது.

பின்பக்க இடது சக்கரத்துப் பழம் நசுங்கவில்லை. வழுக்கிக்கொண்டு வெளியே உருண்டு, சாக்கடை ஓரம் போய் நின்றது. கூட்டத்தில் ஓர் அம்மாள் வாயில் கை வைத்தாள். பூசாரி ஒன்றும் நடக்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தார்.

"மூணுதான் மாமா நசுங்கிச்சு," என்றான் சக்திவேல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "அப்ப இது ஃபோர் வீலு இல்ல. திரீ வீலு."

இழுக்கிற சக்கரத்துக்கும் நசுக்குகிற சக்கரத்துக்கும் சம்பந்தமில்லை என்று நடுத்தெருவில் நின்று பாடம் எடுத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பழத்தைத் துடைத்து டேஷ்போர்டில் வைத்தேன். அன்று ஆறு மணிக்குப் பாறையிலிருந்து போன் வந்தது. வண்டி வாங்கியாகிவிட்டது என்றேன். "சீட்டு மேல வருதா?" என்றாள். வருகிறது என்றேன். பழத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது எனக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி சின்னதாக இருப்பதன் சுகம் கொண்டை ஊசி வளைவுகளில் தெரிந்தது. எதிரில் மரவள்ளி ஏற்றிய லாரி வந்தபோது, பெரிய வண்டி என்றால் பின்னால் எடுத்திருக்க வேண்டிய இடத்தில் நான் ஓரமாய் ஒட்டி நின்று வழி விட்டேன். லாரிக்காரர் கை தூக்கிக் கும்பிடு போட்டார். ஓமான் மலைகளில் ஒரு புல்கூட இருக்காது. இங்கே தேங்கிய மேகத்துக்குள் புகுந்து புகுந்து போனேன். கண்ணாடியைத் துடைத்து மாளவில்லை.

தார்ரோடு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் காரச் சட்னியும் கிடைத்தது. ஜீப் டிரைவர் ஒருவர் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என் வண்டியைத் தலை முதல் வால் வரை பார்த்தார்.

"எங்க போவணும்?"

"மேல்வெண்டிக்காடு."

"ஜீப்பே மூணு நாளா போவல. இது பொம்ம வண்டிங்க. பேசாம திரும்பிப் போங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் தோற்றாலும் வளர்மதி கீழே வந்துவிடுவாள். ஒரேயடியாக வந்துவிடுவாள். வீட்டுக்குப் பத்து நிமிட நடையில் ஒரு பள்ளி கிடைக்கும். ஜீப்பே போகவில்லை என்பதற்கு இதோ பெஞ்சில் சாட்சி உட்கார்ந்திருக்கிறது. இங்கேயே இன்னொரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் போதும். வண்டி ஏறவில்லை என்று ஒரு வார்த்தை. பதினேழு வருடம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவனுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

அப்போது ஒரு பெண் ரேஷன் அரிசி மூட்டையோடு, கோணியை மடித்துத் தலையில் கொங்காணியாய்ப் போட்டுக்கொண்டு மழையில் வந்து நின்றாள். மலைக்காரப் பெண், முப்பது வயதிருக்கும். ஜீப்காரரைப் பார்த்தாள், அவர் கையை விரித்தார். என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மேல போறீங்களாங்க?"

"போறேன்மா. ஏறு," என்றது என் வாய். நான் அதனிடம் கேட்கவில்லை.

பெயர் பொன்னி என்றாள். மூட்டையைப் பின்பக்கம் ஏற்றினோம். திருகைக் கடைசிக்குத் திருப்பினேன். முதல் கியர். தார் முடிந்து சிவப்புச் சேறு தொடங்கியது.

முதல் இரண்டு கிலோமீட்டர் மஸ்கட் பழக்கத்தில் ஓட்டினேன், அது தப்பு. மணலில் வேகத்தை விட்டால் புதைந்துவிடும், அதனால் கால் தானாக அழுத்தியது. களிமண்ணில் அந்த வேகமே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு முறை வால் ஆடியதும் புத்தி வந்தது. நடக்கிற வேகத்துக்குக் குறைத்தேன். நாலு சக்கரமும் ஒவ்வொரு அடியாய் மண்ணைப் பிடித்துப் பிடித்து ஏறியது. பொன்னி கைப்பிடியை விட்டுவிட்டுச் சாதாரணமாக உட்கார்ந்தாள். பேச்சும் வந்தது.

"பெரிய டீச்சரு மாத்திக்கினு போவுதாம்ங்க," என்றாள்.

"எந்த டீச்சர்?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

"எங்க ஸ்கூலு டீச்சருதான். எம் பெரிய பொண்ணு கள்ளக்குறிச்சில ஆஸ்டல்ல தங்கி எட்டாவது படிக்கிது. அது கையப் புடிச்சி மொத மொத பேரு எழுத வெச்சது அந்த டீச்சரு. சின்னது இப்ப ரெண்டாவது. அந்தம்மா வூட்டுக்காரரு வெளிநாட்டுல இருந்து வந்துட்டாராம். அவருதான் வா வான்றாராம்."

"அப்படியா?"

"இத்தினி வருசம் இல்லாத ஆளுக்கு இப்ப இன்னாங்க அவசரம்?"

நான் வைப்பரைக் கொஞ்சம் வேகமாக வைத்தேன்.

நாலாவது கிலோமீட்டரில் பாதை செங்குத்தாய் ஏறி வலது பக்கம் வளைந்தது. மழைத்தண்ணீர் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருந்தது. பாதி ஏறியதும் வண்டி இடது பக்கம் சரிந்தது. பள்ளத்துப் பக்கம். பிரேக்கை மிதித்தும் ஒரு முழம் வழுக்கி, ஒரு மரத்தின் வேரில் இடித்து நின்றது. இறங்கிப் பார்த்தேன். மூன்று சக்கரம் தரையில் இருந்தது. பின்பக்க இடது சக்கரம் வாய்க்காலுக்கு மேல், ஒரு சாண் உயரத்தில், தண்ணீர் சொட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது.

திரீ வீலு என்று சக்திவேல் கத்திய குரல் காதில் கேட்டது.

"வுட்டுடுங்க சாரு. நீங்க பின்னாலயே எறங்கிப் போயிடுங்க. நான் மூட்டையத் தூக்கிக்கினு நடந்துக்கறேன்," என்றாள் பொன்னி. நல்ல மனசோடுதான் சொன்னாள். இப்போது நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம். முயன்றேன், முடியவில்லை, சாட்சிக்கு இவளே இருக்கிறாள். மணி மூன்றேகால். பள்ளி விட முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

நான் அந்தத் தொங்குகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. வண்டி மேல் இல்லை, என் மேல்தான். எட்டு வருடம் இந்தச் சேற்றில் நடந்தவளை ஒரே ஒரு நாள் இதைப் பார்த்த நான் கீழே வா என்று கூப்பிடலாமா?

"கல்லு பொறுக்கும்மா," என்றேன்.

இருவரும் கல் பொறுக்கினோம். சக்கரத்துக்கு அடியில் வாய்க்காலை நிரப்பி, மேலே பொன்னி ஒடித்து வந்த கிளைகளைப் பரப்பினோம். நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன், மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்ததில் உதவியது அது ஒன்றுதான். அரிசி மூட்டையைப் பின்பக்கம் இடது மூலைக்கு நகர்த்தினோம். அந்தச் சக்கரம் கீழே இறங்கிக் கல்லைத் தொட்டது. ஏறி உட்கார்ந்து, கிளட்சை முடியளவு முடியளவாக விட்டேன். முன்சக்கரம் வழுக்கியது. அப்புறம் பின்னாலிருந்து ஓர் உந்தல். தெளிவாக முதுகில் உணர்ந்தேன். நாலாவது சக்கரம் கல்லைக் கடித்துவிட்டது. வண்டி முனகிக்கொண்டு, ஆடிக்கொண்டு, வளைவுக்கு மேலே ஏறிச் சமதரையில் போய் நின்றது.

நான் ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. பொன்னியும் சேற்றில் ஓடிவந்துகொண்டே கத்தினாள்.

பள்ளி மணி அடிக்கும்போது வண்டி வாசலில் நின்றது. பிள்ளைகள் குடையும் கோணியுமாய் வெளியே வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். வளர்மதி படியில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை. வருவேன் என்று நம்பித்தான் பையை எடுத்து வைத்திருக்கிறாள்.

"இந்த சாருதான் டீச்சர் ஏத்திக்கினு வந்தாரு. ரொம்ப நல்ல மனுசன். எந்த ஊருன்னு கூட கேக்கல," என்றாள் பொன்னி.

"எங்க வூட்டுக்காரரு," என்றாள் வளர்மதி.

பொன்னி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெரிய மரவள்ளிக் கிழங்கு நாலைக் கொண்டுவந்து வண்டியில் போட்டாள். "டீச்சரு போவாதுல்ல?" என்று கேட்டாள், என்னிடம்.

"போவாது. சாயங்காலம் மட்டும் போவும், காலையில வந்துடும்," என்றேன்.

ரோஸி டீச்சரும் ஏறிக்கொண்டாள். வெள்ளிமலையில் அவள் வீடு. வளைவில் கல்லும் கிளையும் அப்படியே இருந்தன. இறக்கத்தில் முதல் கியரிலேயே விட்டு, பிரேக்கைத் தொடாமல் இறங்கினோம். தார்ரோடு வந்ததும் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, டிக்கியிலிருந்த பம்பால் டயர்களுக்குக் காற்றடித்தேன். அந்த ஜீப்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். நாலு சக்கரமும் மூடி தெரியாமல் சிவப்பாய் இருந்தது. எனக்கு ஒரு டீ சொன்னார்.

டீயைக் கையில் வாங்கும்போது பக்கத்தில் வளர்மதி நின்றாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"ஓட்டத்தான்."

ரோஸி டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். ஒன்றரை வருடமாக ரோஸியின் பழைய சின்னக் காரில் வெள்ளிமலை ரோட்டில் வளர்மதி ஓட்டிப் பழகியிருக்கிறாள். லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது. மலை இறங்கி ஏறியும் பார்த்தாகிவிட்டது. மண்பாதை ஆறு கிலோமீட்டர்தான் அந்தக் காரால் முடியவில்லை. "சீட்டு மேல வருதா" என்பது விளம்பரத்தில் பார்த்ததல்ல, ஐந்தடி உயரக்காரி தனக்காகக் கேட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டேஷ்போர்டிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்து, "இது இன்னாது?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். பழத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்பக்க இடது சக்கரத்துக்கு முன்னால், உருளாமல் இரண்டு பக்கமும் சின்னக் கல் வைத்து, நடுவில் பழத்தை வைத்தாள். டிரைவர் சீட்டில் ஏறி அதைக் கடைசி வரை மேலே தூக்கினாள். பிறகு கைப்பையைத் திறந்து, நாலாய் மடித்த டிரான்ஸ்ஃபர் ஃபாரத்தை எடுத்து, அதனாலேயே செருப்பின் அடியிலிருந்த சேற்றை அழுத்தித் துடைத்தாள்.

"சேத்துக் காலோட பிரேக்க மிதிக்கக் கூடாது," என்றாள், வகுப்பில் சொல்வது மாதிரி.

நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். மஸ்கட்டில் ஸ்டியரிங் இடது பக்கம். பதினேழு வருடம் கார் என்றால் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டிய கை இது. இப்போது பிடிக்க ஒன்றுமில்லாமல் மடியில் கிடந்தது. காரில் ஓட்டாமல் உட்கார்ந்து வருவது முதலாளிகள் செய்கிற வேலை, எனக்குப் பழக்கமில்லை.

"இப்பதான் ஓனர் மாதிரி இருக்கறீங்க," என்றாள்.

கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது. பின்னால் இடது பக்கம் சளக் என்று கேட்டது. ஜீப்காரர்தான் முதலில் கை தட்டினார்.

ரோஸியை வெள்ளிமலையில் இறக்கிவிட்டு மலை இறங்கினோம். நன்றாகவே ஓட்டினாள். வளைவுக்கு வளைவு என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது, அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். மழை விட்டிருந்தது. கோமுகி அணைத் தண்ணீர் கீழே தெரிந்தபோது மணி ஆறு. பழக்கதோஷத்தில் என் கை சட்டைப் பைக்குப் போய் போனை எடுத்துப் பார்த்தது.

"யாருக்கு போன்?" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்குத்தான்," என்றேன்.